குளம் நிறைந்தது யாரால்?

நாவல்காட்டுக் குளம் வழக்கமாக மாசியிலேயே வற்றிவிடும். அந்த வருடம் சித்திரை பிறந்தும் தண்ணீர் கரையைத் தொட்டு நின்றது.

காட்டின் தலைவி யானை செங்கமலம் கரையேறிப் பிளிறியது.

"பார்த்தீர்களா என் ஆட்சியை! குளத்தில் இறங்கிக் குளிக்கத் தடை போட்டது யார்? நான்!"

காட்டுப்பன்றி வீரபாகுவுக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. போன வருடம் வரை தலைவராக இருந்தது அதுதான்.

"அடேங்கப்பா! மழைத்தண்ணீர் வர வாய்க்கால் தோண்டியது யார்? என் கூட்டம்! மூக்கு இன்னும் வீங்கியிருக்கிறது!"

"நீ கிழங்கு தேடித் தோண்டினாய்! வாய்க்கால் தானாக வந்தது!"

"உனக்கு மட்டும் என்ன? தும்பிக்கை நிறையச் சளி! அதனால்தான் குளியலுக்கே தடை!"

யானைப் பக்கம் குரங்குகள் கோஷம் போட்டன. பன்றிப் பக்கம் நரிகள் ஊளையிட்டன.

மான் பூவாயி மெல்ல வாயைத் திறந்தது. "நாங்கள் எல்லோரும் நாளுக்கு ஒரு வேளைதானே தண்ணீர் குடித்தோம்? என் குட்டி நாக்கு வறண்டு..."

"உட்கார் அம்மா! பெரியவர்கள் பேசுகிறோம்!" என்று இருவரும் ஒன்றாக அதட்டினார்கள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர்களுக்குள் அப்படி ஒரு ஒற்றுமை!

மறுநாள் செங்கமலம் வெற்றி விழா எடுத்தது. யானைகளெல்லாம் தடையை மறந்து குளத்தில் இறங்கின. தண்ணீரை வாரி வாரிக் கரைக்கு வெளியே இறைத்தன.

வீரபாகு சும்மா இருக்குமா?

"எனக்கா வாய்க்கால் வெட்டத் தெரியாது? இப்போது வெட்டிக் காட்டுகிறேன் பார்!" என்று கரையையே உடைத்தது.

வாய்க்கால் பிரமாதமாக ஓடியது. மிச்சமிருந்த தண்ணீர் முழுவதும் பள்ளத்தில் இறங்கிப் பாறை இடுக்குகளில் மறைந்தது. குளத்தில் சேறுதான் மிஞ்சியது.

"உன்னால்தான் வற்றியது!"

"இல்லை, உன்னால்தான்!"

பூவாயி குட்டியை எழுப்பிக்கொண்டு மலைக்கு அந்தப் பக்கம் நடந்தது. காடே அதன் பின்னால் கிளம்பியது. கோஷம் போட்டுத் தொண்டை காய்ந்த குரங்குகள் எல்லோரையும் முந்திக்கொண்டு ஓடின.

அங்கே ஒரு நீர்நாய் வழிமறித்தது. "யார் நீங்கள்? உங்கள் தலைவர் யார்?"

"அதை அப்புறம் பேசலாம் அண்ணே, ஓடை எந்தப் பக்கம்?" என்றது பூவாயி.

நல்லது நடந்ததற்குப் பெயர் வாங்கச் சண்டை போடுகிறவர்கள், கடைசியில் அந்த நல்லதையே தொலைத்துவிடுவார்கள்.