உப்பில்லாச் சோறு

பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் டாக்டர் பெனசீர்தான் குரு. சீடர் சங்கரபாண்டி அவரைவிடப் பத்து வயது மூத்தவர். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காய்ச்சலுக்கும் இருமலுக்கும் மாத்திரை எழுதியே காலத்தை ஓட்டிவிட்டு, தலை நரைத்த பிறகு மேல்படிப்புக்கு வந்தவர். சின்னவளிடம் போய்க் கேட்பதா என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை. ஆனால் ஒரு கேள்வியை மட்டும் சில நாளாக நெஞ்சிலேயே வைத்துக்கொண்டு அலைந்தார்.

மாரிச்செல்வியின் மகன் ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டான். மூச்சுக்குத் தவித்த அவனுக்குத் தொப்புள் வழியாக ரத்தக்குழாய்க்குள் மெல்லிய குழாய் ஒன்றைச் செலுத்தியவர் பாண்டிதான். அதன் வழியாக அவ்வப்போது ரத்தம் எடுத்துப் பார்த்துத்தான் அவனை மீட்டார்கள். பிறகு குழாயை எடுத்துவிட்டார்கள். பாண்டி அன்று கான்டீனில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

அப்புறம்தான் ரத்த அழுத்தம் ஏறியது. அழுத்தம் பார்க்கிற கைப்பட்டையை மாற்றிப் பார்த்தார்கள், தூங்கும்போது பார்த்தார்கள், குறைகிற வழியாக இல்லை. ஸ்கேனில் காரணம் தெரிந்தது. குழாய் இருந்த இடத்தில் ரத்தம் உறைந்து, சிறுநீரகத்துக்குப் போகும் வழியை அடைத்திருந்தது. மருந்துக்கு மேல் மருந்து கொடுத்தார்கள். அந்த அழுத்தத்தோடு மல்லுக்கட்டியே இத்தனூண்டு இதயம் ஓய்ந்துபோனது. இனி தேறாது என்று பெனசீர் சொல்லிவிட்டார்.

தாயிடம் பாண்டி சொன்னது இவ்வளவுதான்: பிள்ளைக்கு பி.பி. அதிகம், பிழைப்பது கஷ்டம். ஏன் என்று சொல்லவில்லை. ஏன் என்பதை அவளே கண்டுபிடித்துக்கொண்டாள். அவள் உப்பளத்தில் வேலை பார்த்தவள். வயிற்றுப் பிள்ளையோடு வெயிலில் நின்று உப்பு வாரியவள். பி.பி. என்றாலே உப்புதானே! தன் உடம்பில் ஊறிய உப்புதான் பிள்ளைக்கு ஏறிவிட்டது என்று முடிவு கட்டினாள். வெளியே காத்திருந்த பெண்களும் ஆமாம் போட்டார்கள். மாமியாரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அன்றிலிருந்து உப்பில்லாத சோறுதான். அதுவும் இறங்கவில்லை. பால் வற்றியது. கடைசி நேரத்திலாவது பிள்ளையை நெஞ்சில் போட்டுக்கொள் என்று நர்ஸ் கூப்பிட்டபோது அவள் கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள். என் வேர்வையிலும் உப்புதானே இருக்கு, நான் தொட மாட்டேன் என்றாளாம்.

நர்ஸ் வந்து இதைச் சொன்னதும் பாண்டிக்குத் தாங்கவில்லை. குருவிடம் போனார்.

"மேடம், அந்தப் பொண்ணு தன்னாலதான்னு நினைக்குது."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லலை."

"ஏன் சார்?"

பாண்டி கடைசியில் கேட்டேவிட்டார். "குழாய் வச்சது நான். என் கைதானா மேடம்?"

"சரியாத்தான் வச்சீங்க. நான் பக்கத்துலயே நின்னேன். அது இல்லாட்டி அன்னைக்கே பிள்ளை போயிருக்கும். அடைப்பும் அதாலதான் வந்துச்சு. ரெண்டும் நிஜம்."

"பிள்ளை எப்படியும் போகப்போகுது. இதைச் சொல்லி இப்ப என்ன ஆகப்போகுது?"

பெனசீர் எழுந்து தாய்மார்கள் அறைக்கு நடந்தார். பாண்டி பின்னாலேயே போனார்.

மத்தியானச் சாப்பாட்டு நேரம். மாரிச்செல்வி ஒரு மூலையில் வெறும் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். பெனசீர் அவள் எதிரே தரையில் உட்கார்ந்தார். அந்தத் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்துத் தின்றார். பக்கத்துப் பெண்ணிடம் கொஞ்சம் உப்பு வாங்கி அந்தச் சோற்றில் தூவினார். மாரிச்செல்வி தட்டை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"வேண்டாம் டாக்டரம்மா. நான் பிள்ளைக்கு ஏத்துன உப்பு போதும்."

"உன் உப்பு இல்லம்மா. நாங்க வச்ச குழாய்."

குழாய் எதற்கு, ரத்தம் எங்கே உறைந்தது, இதயம் ஏன் ஓய்கிறது என்று அவளுக்குப் புரியும்படி எல்லாவற்றையும் சொன்னார். எதையும் மறைக்கவில்லை. மாரிச்செல்வி அசையாமல் கேட்டாள். வைத்தது யார் என்றாள். பெனசீர் வாயைத் திறக்குமுன் பாண்டி சொல்லிவிட்டார்.

"நான்தாம்மா."

அவள் எழுந்து நின்றாள். "ராவும் பகலும் என்னையே கொன்னுக்கிட்டு இருந்தேனேய்யா. பார்த்துக்கிட்டுத்தானே இருந்தே? ஒன் கை வெளங்குமா?"

பிறகு வாய்க்கு வந்தபடி ஏசினாள். பாண்டி தலையைக் குனிந்துகொண்டு நின்றார். ஏசி முடித்ததும் அவள் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். பிள்ளையைக் கொடுங்க என்று நர்ஸிடம் கையை நீட்டினாள்.

சாயங்காலம் அவள் நெஞ்சிலேயே அவன் அடங்கிப்போனான். துணியில் சுற்றிய பிள்ளையோடு வெளியே போகும்போது அவள் இரண்டு பேரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

பாண்டி வாசலிலேயே நின்றார். கண் கலங்கியிருந்தது.

"மேடம், அவ என்னை மன்னிப்பாளா?"

"மாட்டா," என்றார் பெனசீர். "ஆனா அந்தப் பழியைத் தூக்க இப்ப நாம ரெண்டு பேர் இருக்கோம் சார். இத்தனை நாளும் அவ ஒருத்தியாத் தூக்கினா."