எருமை கீறிய ஏழு கோடுகள்

முதல் மழை பெய்ததும், மருதங்காட்டுக் குளத்தில் சுனையாள் என்ற தவளை முந்நூற்று நாற்பது முட்டைகள் இட்டாள். நாலாம் நாள் அத்தனையும் பொரிந்தன. அல்லித் தண்டுகளுக்கு நடுவே முந்நூற்று நாற்பது தலைப்பிரட்டைகள் கறுப்புப் பொட்டுகளாக நெளிந்தன. சுனையாள் தினமும் காலையில் ஒரு கல்லில் உட்கார்ந்து அவற்றை எண்ணுவாள். ஒன்று குறைந்தாலும் மறுபடி முதலிலிருந்து எண்ணுவாள்.

அந்தச் சமயத்தில்தான் கும்பன் என்ற கரடி, குளத்துக்கு வரும் ஓடையின் கரையில் சலவைப் பட்டறை வைத்தான். பதினொரு பானைகளில் பூந்திக்கொட்டையைக் காய்ச்சினான். அந்தச் சாற்றில் குளித்த நரியின் வாலும் முயலின் காதும் பளபளத்தன. கழுவிய தண்ணீர் ஓடை வழியாகக் குளத்தில் சேர்ந்தது.

குளம் கனவுபோல் ஆயிற்று. வெள்ளை நுரை மெல்ல மிதந்து வந்தது. வானத்து மேகங்கள் தண்ணீரில் இறங்கித் தூங்குவதுபோல் இருந்தது. ஒவ்வொரு குமிழியிலும் ஒரு குட்டிச் சூரியன், ஒரு தலைகீழ் மருத மரம். அடுப்புப் புகை நீலமாகக் கிளைகளில் சாய்ந்து நின்றது. மான்கள் கண்ணை மூடாமலே உறங்கின. யாரும் உரக்கப் பேசவில்லை.

சுனையாள் மட்டும் பேசினாள். "இன்றைக்கு முந்நூற்றுப் பதினெட்டுதான் இருக்கிறது! இந்த நுரை என் பிள்ளைகளைக் கொல்கிறது!"

"கொக்கு தின்றிருக்கும்," என்றது குரங்கு.

"தின்றால் உடம்பு மிதக்குமா? இருபத்திரண்டும் வயிறு மேலே தெரிய மிதக்கின்றன. வந்து பார்!"

"அதானே! நான் தின்றால் மிச்சம் வைப்பேனா?" என்று கோபித்துக்கொண்டது கொக்கு.

விலங்குகள் கூடின. மூன்று நாளைக்கு ஒருமுறை தண்ணீரையும் காற்றையும் சோதிப்பது என்று முடிவாயிற்று. யார் சோதிப்பது?

கும்பன் முந்திக்கொண்டான். "எருமையாரைப் போடுங்கள்! பொய் பேசத் தெரியாதவர். வயிறோ இந்தக் காட்டிலேயே பெரியது. நாலு குடம் குடிக்கிறவருக்குத் தெரியாதது, நாலு விரல் உயரத் தவளைக்குத் தெரிந்துவிடுமா?"

சொல்லிவிட்டு மீசைக்குள் சிரித்துக்கொண்டான்.

எருமையார் மெய்யாகவே நேர்மையானவர். ஓடை குளத்தில் விழும் இடத்தில் நின்று வயிறு முட்டக் குடித்தார். புகையை மூன்று முறை முகர்ந்தார். மறுநாள் காலை வரை காத்திருந்தார். வயிறு வலிக்கவில்லை. இருமல் வரவில்லை. "நலம்!" என்று சொல்லி, மருத மரத்தில் கொம்பால் ஒரு கோடு கீறினார்.

நாலாவது கோடு கீறிய அன்று தலைப்பிரட்டைகள் இருநூற்றேழு. ஏழாவது கோட்டின்போது அறுபத்துநான்கு. தேனீக்கள் புகைக்குப் பயந்து அடையை விட்டே போய்விட்டன. அதை யாரும் கவனிக்கவில்லை.

"எருமை அண்ணே, இந்தத் தண்ணீர் பட்டால் என் தோல் எரிகிறது!" என்றாள் சுனையாள்.

"எனக்கு எரியவில்லையே, தங்கச்சி. நான் பொய் சொல்லட்டுமா?" என்றார் எருமையார் வருத்தத்தோடு.

"தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இவள் பட்டறையையும் சேர்த்துக் கெடுப்பாள்போல!" என்றது குரங்கு. எல்லோரும் சிரித்தார்கள்.

கும்பன் மரத்தைத் தடவிக் காட்டினான். "ஏழு நலம்! இன்னும் சந்தேகமா? நல்ல தண்ணீரில் இருக்கும் தலைப்பிரட்டை ஒன்றைக் கொண்டு வந்து என் தண்ணீரில் போடு. செத்தால் ஒப்புக்கொள்கிறேன்!"

சுனையாள் குளத்துக் கல்லில் குனிந்து, சாய்ந்து கிடந்த பிள்ளைகளைப் பார்த்தாள். நுரை அவளைச் சுற்றிச் சத்தமில்லாமல் நகர்ந்தது.

"சாகவிட்டுக் காட்டமாட்டேன்," என்றாள். "பிழைக்கவைத்துக் காட்டுகிறேன். எல்லோரும் வாருங்கள்!"

பட்டறைக்கு மேலே, ஓடை தெளிவாக வரும் இடத்துக்கு அவர்களைக் கூட்டிப்போனாள். "அண்ணே, இந்தக் கரையோரச் சேற்றில் ஒரு காலை அழுத்தி எடுங்கள்."

எருமையார் அழுத்தி எடுத்தார். குளம்பு பதிந்த பள்ளத்தில் ஓடை நீர் ஊறி நிறைந்தது. கலங்கல் மெல்ல அடங்கியது. அடியில் கிடந்த மணலை எண்ணலாம்போல் இருந்தது.

சுனையாள் சொன்னபடி குரங்கு குளத்திலிருந்து ஓர் அல்லி இலையில் ஐந்து தலைப்பிரட்டைகளை ஏந்தி வந்தது. ஐந்தும் பக்கவாட்டில் சாய்ந்து, வாலசைவில்லாமல் கிடந்தன.

"கனமாக இருக்கிறதா? நான் தூக்கி வரட்டுமா?" என்று கேட்டது கொக்கு.

"நீங்கள் தள்ளியே நில்லுங்கள், ஐயா!" என்றாள் சுனையாள்.

ஐந்தையும் பள்ளத்தில் விட்டார்கள். சுற்றி நின்று பார்த்தார்கள். வெயில் இலைகளின் வழியே இறங்கி, சொட்டுச் சொட்டாகத் தண்ணீரில் ஆடியது. மர நிழல் ஒரு சாண் நகர்ந்தது. ஒரு வால் துடித்தது. இன்னும் ஒரு சாண் நகர்ந்தது. இரண்டாவது நிமிர்ந்து நீந்தியது. பிறகு மூன்றாவது. பிறகு நாலாவது. ஐந்தாவது அசையவே இல்லை. சுனையாள் அதை மெல்லத் தொட்டுப் பார்த்தாள். ஓர் இலையை இழுத்து மூடினாள்.

இந்த முறை குரங்கு சிரிக்கவில்லை.

"நான் தண்ணீரைச் சோதிக்கவில்லை, தங்கச்சி," என்றார் எருமையார். "என் தோல் எவ்வளவு தடிப்பு என்றுதான் ஏழு முறை சோதித்திருக்கிறேன்!"

நேரே மருத மரத்துக்குப் போனார். ஏழு கோடுகளையும் கொம்பால் சுரண்டி அழித்தார்.

"ஐயோ, என் பட்டறை!" என்று அலறினான் கும்பன்.

"பட்டறையை மூடச் சொல்லவில்லை, கரடியாரே. கழுவிய தண்ணீரை ஓடையில் விடாதீர்கள்!" என்றாள் சுனையாள்.

"வேறு எங்கே விடுவது? என் தலையிலா ஊற்றிக்கொள்வது?"

"ஓடைக்கு எட்டாத மணல்மேட்டில் குழி வெட்டு. நானும் மண் தள்ளுகிறேன்," என்றார் எருமையார். "அதுவரை ஒரு பானைகூட அடுப்பில் ஏறக்கூடாது!"

கும்பன் அவருடைய கொம்புகளைப் பார்த்தான். மணல்மேட்டுக்கு நடந்தான். குழி வெட்டி முடிக்க ஒன்பது நாள் ஆயிற்று. அடுப்பையும் பூமரங்கள் இல்லாத பக்கத்துக்குத் தள்ளிப் போட்டான்.

நாற்பத்தாறு குட்டித் தவளைகள் கால் முளைத்துக் கரை ஏறின. எண்ணி முடித்த பிறகும் சுனையாள் நெடுநேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றுமுதல் தண்ணீரைப் பார்க்கும் பொறுப்பு அவளுக்கு. காற்றைப் பார்க்கும் பொறுப்பு, திரும்பி வந்த தேனீக்களுக்கு. கும்பன் தினமும் காலைப் பனிமூட்டத்தில் குளக்கரைக்கு வந்து நிற்பான். "இன்றைக்கு அடுப்பு மூட்டலாமா, அம்மா?" என்று கேட்பான். பதில் வந்த பிறகுதான் போவான்.

கேடு உண்டா என்று அறிய, எதையும் தாங்கும் வலியவரைக் கேட்டால் போதாது. முதலில் வாடும் எளியவரைக் கேட்க வேண்டும்.