பதினேழோடு நின்ற கணக்கு

"எனக்கு மட்டும் ஏன் இந்த விதி, அம்மா?"

காந்திமதி இப்படித்தான் ஆரம்பித்தாள். ஆசிரமத்துக்கு வருகிறவர்கள் எல்லோரும் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள்.

யோகாம்பாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். காந்திமதியைவிட வயதில் ரொம்பச் சின்னவள். ஆனாலும் அங்கே எல்லோருக்கும் அவள்தான் குரு, அவள்தான் அம்மா.

"எந்த விதி, டீச்சர்?"

கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவளை வேறு எப்படிக் கூப்பிடுவது.

"சித்திரை, வைகாசி பெரியவன் வீடு. ஆனி, ஆடி அடுத்தவன் வீடு. இப்படியே ஆளுக்கு ரெண்டு மாசம்னு முறை வெச்சுட்டாங்க. தையோட முறை முடிஞ்சுபோகுது. மாசியும் பங்குனியும் மீதி. அந்த ரெண்டு மாசத்துக்கு என்னை வெச்சுக்க ஆள் இல்லை."

"பிள்ளைங்க எத்தனை?"

"அஞ்சு."

அதைச் சொல்லும்போது மட்டும் குரலில் பழைய மிடுக்கு எட்டிப் பார்த்தது.

"பன்னிரண்டை அஞ்சால வகுத்தா ரெண்டு மிஞ்சும். நீங்க சொல்லிக் கொடுத்த கணக்குதானே."

"அந்த மீதி நான்தான்னு எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கலையே. செத்துத் தொலைஞ்சா எல்லாருக்கும் சரியா வரும்."

யோகாம்பாள் சமாதானம் சொல்லவில்லை. அடுப்பிலிருந்து ஆறின கரித்துண்டு ஒன்றை எடுத்துத் தரையில் எழுதினாள்.

510511

"பகா எண்ணா எடுத்து வகுங்க. மீதி வரக் கூடாது."

காந்திமதி முட்டிவலியோடு தரையில் உட்கார்ந்தாள். இரண்டால் வகுத்தாள். மீதி ஒன்று. மூன்றால் வகுத்தாள். மீதி ஒன்று. ஐந்து, ஏழு, பதினொன்று, பதின்மூன்று. ஒன்று, ஒன்று, ஒன்று, ஒன்று.

பதினேழுக்கும் அதே ஒன்று வந்து நின்றதும் கரியை வீசினாள்.

"புரிஞ்சுபோச்சு. ரெண்டுலேருந்து பதினேழு வரைக்கும் இருக்கிற பகா எண்ணையெல்லாம் பெருக்கி, கூட ஒண்ணைச் சேர்த்து வெச்சிருக்கீங்க. அந்த ஒண்ணு எப்பவும் வெளியிலதான் நிக்கும். என்னை மாதிரி. இது எதாலயும் வகுபடாது."

"வகுத்துப் பார்த்துட்டீங்களா?"

"பார்க்க வேற வேணுமா? காலமெல்லாம் இதைத்தானே சொல்லிக் கொடுத்தேன்."

"பதினேழோட நின்னுட்டீங்களே. அடுத்தது என்ன?"

"பத்தொன்பது."

சொன்ன பிறகு சும்மா இருக்க முடியவில்லை. கரியைத் தேடி எடுத்தாள். வேண்டாவெறுப்பாகப் போட ஆரம்பித்தவள், பாதியில் நிதானமானாள்.

இருபத்தாறாயிரத்து எண்ணூற்று அறுபத்தொன்பது. மீதி பூஜ்யம்.

மறுபடி போட்டாள். பூஜ்யம்தான்.

யோகாம்பாள் கீரைக்கட்டை ஓரமாக வைத்தாள்.

"பெத்தது எத்தனை, டீச்சர்?"

காந்திமதி கரித்துண்டைக் கீழே வைத்தாள்.

"ஆறு. கடைசி பொண்ணு. பொண்ணை யாரு முறையில சேர்க்கிறா?"

பன்னிரண்டை ஆறால் வகுக்கக் கரித்துண்டு தேவைப்படவில்லை.

"அவ கூப்பிடலையா?"

"வருஷா வருஷம் மாசி பிறந்ததும் வாசல்ல வந்து நிப்பா. மக வீட்டுச் சோத்தைத் தின்னா ஊர் சிரிக்கும்னு அவளைத் திருப்பி அனுப்பிட்டு, கோயில் சத்திரத்துல போய்ப் படுத்துப்பேன்."

"இந்த மாசி?"

"இந்த மாசி, அவ படத்துக்கு மாலை போட்டுட்டுத்தான் இங்க வந்தேன்."