பாம்பு ஆளா?

பாசிக்குளத்துக் கரையில் ஓர் ஆட்காட்டிக் குருவி காவல் இருந்தது. ஆபத்து வந்தால் அது கத்தும். தவளைகள் தொபுக்கென்று தண்ணீரில் குதித்துவிடும். காவலுக்குக் கூலியாகக் கரையில் கூடு வைக்கத் தவளைகள் அதற்கு இடம் கொடுத்திருந்தன. இப்போது கூட்டில் முட்டைகள் பொரிக்கும் தறுவாயில் இருந்தன.

தவளைகளின் தலைவர் ராப்பகலாகக் கத்துவார். பிறர் கத்தினால் மட்டும் அவருக்குப் பிடிக்காது! ஒருநாள் காவலுக்கு விதி போட்டார்.

"உன் பேரே ஆட்காட்டி! அதனால ஆள் வந்தா மட்டும்தான் கத்தணும். உச்சி வெயில்ல எங்களுக்கு ஓய்வு. ஓய்வு நேரத்துல கத்தினா கூட்டைக் காலி பண்ணிடணும்!"

"ஓய்வு நேரம்னு ஆபத்துகிட்டயும் சொல்லிட்டீங்களா, தலைவரே?"

"எதிர்த்துப் பேசாதே!"

குருவி சிறகால் தலையில் அடித்துக்கொண்டது. முட்டைகளைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது? சரியென்று தலையாட்டியது.

மறுநாள் உச்சி வெயிலில் தவளைகள் கரையோர நிழலில் கண்ணயர்ந்திருந்தன. தலைவர் மட்டும் தான் போட்ட விதிகளைத் தானே உரக்கச் சொல்லி ரசித்துக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் வந்த திசையைப் பார்த்து ஒரு சாரைப்பாம்பு ஊர்ந்து வந்தது.

குருவி அதைப் பார்த்துவிட்டது. "தலைவரே, ஒரு சந்தேகம்! பாம்பு ஆளா?"

"இதென்ன கேள்வி? ஆளுன்னா ரெண்டு காலு வேணும். பாம்புக்கு ஒண்ணாவது இருக்கா?"

"அப்போ கத்தக் கூடாதா?"

"கூடாது! அதுவும் ஓய்வு நேரத்துல கூடவே கூடாது!"

"உங்க பின்னாடிதான் வருது, தலைவரே!"

"பேச்சை மாத்தாதே!"

குருவிக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. 'உங்களோடு மாரடிக்க என்னால் ஆகாது! கூடு போனால் போகட்டும்!' என்று நினைத்துத் தொண்டை கிழியக் கத்தியது. தவளைகள் அலறியடித்துக்கொண்டு தண்ணீரில் பாய்ந்தன.

தலைவர் நகரவில்லை. "யாரைக் கேட்டுக் கத்தினே? நான் போட்ட விதி என்ன..." என்று ஆரம்பித்தார். பாம்பு அவரை முடிக்க விடவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்?

பாம்பு போனதும் தவளைகள் மெல்லத் தலை நீட்டின. "போயிடாதீங்க, அக்கா! இனிமே விதியை நீங்களே போடுங்க!"

"விதியா? ஆளை விடுங்க! முட்டை வெயில்ல காயுது, நகருங்க!" என்று சீறிவிட்டு, குருவி கூட்டை நோக்கி ஓடியது.

காவல்காரன் வாயைக் கட்டிப்போடும் விதி, காவலுக்கு உதவாது, கள்ளனுக்குத்தான் உதவும்.