ஒரே கை, இரண்டு முடிவு

இந்த வழக்கை இதுவரை ஏழு பேரிடம் சொல்லிவிட்டேன். நாலு பேர் அண்ணன் பக்கம், மூன்று பேர் தங்கை பக்கம். நீங்கள் எட்டாவது ஆள். அவசரப்பட்டு வாயைத் திறக்காமல் முழுவதையும் கேளுங்கள்.

கனடாவில், ரொறன்ரோவில் எங்கள் பழைய மாணவர் சங்கம் நிதி சேர்ப்பதற்காக ஒரு ஞாயிறு பிற்பகல் போக்கர் போட்டி நடத்தியது. நாற்பது பேர் வந்தார்கள். பரிசு, கொழும்புக்குப் போய்வர மூன்று விமான டிக்கெட். முதலாம் இடம், இரண்டாம் இடம் என்று பிரித்தால் அடுத்த கூட்டத்தில் கதிரை பறக்கும் என்பது செயற்குழுவுக்கு நன்றாகத் தெரியும். ஆகவே கடைசி நாலு பேரில் ஒருவர் வெளியேறியதும் ஆட்டம் முடிந்தது என்றும், மிஞ்சிய மூவருக்கும் ஒரே மாதிரி டிக்கெட் என்றும் விதி வைத்தார்கள். கோப்பையும் இல்லை, பொன்னாடையும் இல்லை. கடைசி மேசையில் சீட்டுப் போட்டவன் நான்.

அந்த மேசையில் நாலு பேர் மிஞ்சினார்கள். வீடு விற்கும் முகவர் வாமதேவன் முன்னால் தொண்ணூறு சிப், அதாவது பந்தய வில்லை. ஜெயரூபனுக்கும் அவன் தங்கை தர்மினிக்கும் தலா முப்பது. பஸ் ஓட்டும் யோகலிங்கத்திடம் இரண்டே இரண்டு. ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒருவர் சீட்டைப் பார்க்காமலே பத்து சிப் கட்டாயம் வைக்க வேண்டும். அந்த முறை சுற்றிச் சுற்றி வரும். அடுத்த ஆட்டத்தில் அது யோகலிங்கத்துக்கு. இருக்கிற இரண்டையும் வைத்துவிட்டுக் கடவுளைக் கும்பிட வேண்டியதுதான். மனிதர் இந்த ஆட்டத்தை விட்டுவிட்டு, ஜாக்கெட்டில் ஒரு கையை நுழைத்தபடி இருந்தார்.

அண்ணனும் தங்கையும் பொழுதுபோக்குக்கு வந்தவர்கள் அல்லர். அவர்களுடைய அம்மா இலங்கையில், கரவெட்டியில் தனியே இருக்கிறார். பதினொரு வருடமாக ஒருவர் மாறி ஒருவர்தான் போய்ப் பார்த்து வருகிறார்கள். இருவருக்கும் சேர்த்து டிக்கெட் எடுக்க ஒருமுறையும் கை எட்டவில்லை. சென்ற மாதம் அம்மா ஃபோனில், “ரெண்டு பேரையும் ஒண்டாப் பாக்கோணும் பிள்ளையள்” என்று சொல்லி அழுதுவிட்டார்.

இனி அந்த ஆட்டம். ஆளுக்கு இரண்டு சீட்டை மறைவாகக் கொடுத்தேன். வாமதேவனும் அண்ணனும் தங்கையும் தலா பத்து சிப் வைத்தார்கள். நடுவில் எல்லோருக்கும் பொதுவாக மூன்று சீட்டைத் திறந்தேன்: ஏழு, பத்து, இரண்டு. இன்னும் இரண்டு சீட்டு திறக்க இருந்தது. வாமதேவன் தொண்டையைச் செருமிக்கொண்டு இருபது சிப்பை முன்னே தள்ளினார். அவருக்கு ஈடு கொடுப்பதென்றால் மற்ற இருவரும் தங்களிடம் மிஞ்சிய இருபதையும் தள்ள வேண்டும். தோற்றால் வெளியே.

வாமதேவன் கையில் ஒரு பத்து இருந்தது. நடுவில் கிடந்த பத்தோடு சேர்ந்து அது ஜோடி. விசித்திரம் என்னவென்றால், ஜெயரூபன் கையில் எட்டும் ஒன்பதும், தர்மினி கையிலும் எட்டும் ஒன்பதும். அப்போது அது ஒருவருக்கும் தெரியாது. நடுவில் உள்ள ஏழையும் பத்தையும் சேர்த்தால் நாலு சீட்டு வரிசையாக நிற்கிறது. ஆறோ, பத்துக்கு அடுத்த ஜாக்கோ விழுந்தால் ஐந்தும் வரிசையாகி ஸ்ட்ரெய்ட், ஜோடி தோற்றுவிடும். நாலு ஆறு, நாலு ஜாக், ஆக மொத்தம் எட்டுச் சீட்டு உதவும். திறக்க இருக்கும் இரண்டுக்குள் அவற்றில் ஒன்று வருவது ஏறக்குறைய மூன்றில் ஒரு தடவை.

முதலில் தர்மினியின் முறை. தன் சீட்டைப் பார்த்தாள். யோகலிங்கத்தின் முன்னால் கிடந்த இரண்டு சிப்பைப் பார்த்தாள். சீட்டைக் கவிழ்த்து என் பக்கம் தள்ளினாள்.

“நான் விடுறன்.”

ஜெயரூபன் யோசிக்கவே இல்லை. “நான் போடுறன்” என்று இருபதையும் தள்ளினான். யோகலிங்கம் ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டுக் கதிரையை மேசையோடு இழுத்துப் போட்டார்.

அடுத்த சீட்டு ராணி. கடைசிச் சீட்டு ஆறு. மண்டபமே எழுந்து கைதட்டியது. அதற்கடுத்த ஆட்டத்தில் யோகலிங்கத்தின் இரண்டு சிப்பும் போக, மற்ற மூவருக்கும் டிக்கெட் கிடைத்தது.

வாகனத் தரிப்பிடத்தில்தான் சண்டை தொடங்கியது. ஜெயரூபன் சொன்னான்: “இருபது வைச்சா அம்பது வரும். மூண்டு தரம் போட்டு ரெண்டு தரம் தோத்தாலும் நாப்பதுதான் போகும், ஒருக்கா வெண்டா அம்பது. இந்தக் கணக்குத் தெரியாமல் நீ பயந்திட்டாய்.”

“பயந்தனான்தான். அதுக்கென்ன அண்ணா?” என்றாள் தர்மினி.

இருவருக்கும் ஒரே கை. இருவருக்கும் ஒரே அளவு சிப். ஒருத்தி விட்டாள், ஒருவன் போட்டான், வென்றும் காட்டினான். அவன் சொன்ன கணக்கிலும் பிழை இல்லை. சொல்லுங்கள், இதில் யார் செய்தது சரி?

விடை: தர்மினி செய்ததே சரி. முதலிடத்துக்குப் பெரிய பரிசு உள்ள போட்டி என்றால் நானும் அந்த இருபதைத் தள்ளியிருப்பேன். இங்கே எழுபது சிப்போடு முடித்தவனுக்கும் இருபதோடு முடித்தவளுக்கும் கிடைத்தது ஒரே டிக்கெட். வென்ற சிப்பையெல்லாம் நான் வாரிப் பெட்டிக்குள் போட்டு மூடினேன். ஜெயரூபனும் சீட்டைக் கவிழ்த்திருந்தால், இரண்டு சிப் வைத்திருந்தவர் விழும்வரை பேசாமல் இருந்தே டிக்கெட்டை வாங்கியிருக்கலாம். தோற்றிருந்தால் நாலாவது ஆள் அவன்தான், டிக்கெட் யோகலிங்கத்துக்கு. அந்த மனிதர் ஏன் ஜாக்கெட்டைக் கழற்றினார் என்று இப்போது விளங்கும். ஆறு விழுந்தது ஜெயரூபனின் அதிர்ஷ்டம். அவன் முடிவெடுத்தது அது விழுவதற்கு முன்பு. மூன்றில் இரண்டு தடவை ஆறும் வராது, ஜாக்கும் வராது. அந்த இரண்டு தடவையும் கரவெட்டியில் அம்மா படலையைத் திறந்து, மகளைக் கட்டிக்கொண்டு, பின்னால் இன்னும் ஒரு ஆள் வருகிறதா என்று எட்டிப் பார்த்திருப்பார்.