பத்துப் பொருத்தமுள்ள மாதிரி மாப்பிள்ளை

சித்தன்வயலில் ஒரு கல்யாணத் தகவல் மையம். நடத்தியவர்கள் மாசிலாமணி, அவர் மச்சான் வேலாண்டி, கூட்டாளி அழகிரி. மூவருக்கும் சேர்த்து மூளை அரைப்படி.

ஊருக்கெல்லாம் வரன் பார்த்தார்கள். மாசிலாமணியின் மகள் பொன்னரசிக்கு மட்டும் முப்பதாகியும் அமையவில்லை. வெப்சைட் போட்டால் அமையும் என்றார்கள். திருச்சியிலிருந்து இளம்பரிதி என்ற பையன் வந்தான். மூன்று சாப்ட்வேர் காட்டினான்.

"பேரு, ஊரு, நட்சத்திரத்தைப் பட்டியல்ல போடுங்க. வெப்சைட் பக்கத்தை அதுவே தயார் பண்ணிடும். மூணுலயும் மாதிரிக்கு ஒரு வரன் வெச்சிருக்கேன். எது நல்லா இருக்கோ, எடுத்துக்குங்க."

பார்த்தார்கள்.

"முதல் சாப்ட்வேர் வேண்டாம்" என்றார் வேலாண்டி.

"ஏன் மச்சான்?"

"பையன் வழுக்கை."

இரண்டாவதில் செவ்வாய் தோஷம். தள்ளியாயிற்று. மூன்றாவதில் இருந்தவன் பெயர் குமார். அரசு வேலை. முகவரி, எண் ஒன்று, முதல் தெரு.

"ஊருக்கே முதல் வீடு. பெரிய குடும்பந்தான்" என்றார் அழகிரி.

"போன் நம்பரைப் பாரு. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு வரிசையா இருக்கு. ஒழுக்கமான பையன்" என்றார் மாசிலாமணி.

பொன்னரசி ஜாதகத்தோடு சேர்த்துப் பார்த்தார்கள். பத்துக்குப் பத்து. மூன்றாவது சாப்ட்வேரை எடுத்தார்கள். முகூர்த்தமும் குறித்தார்கள்.

இளம்பரிதி பதறினான். "ஐயா, அப்படி ஒரு ஆளே இல்ல. நான் சும்மா டைப் பண்ணது."

"வேற யாரு பண்ணுவா? கம்ப்யூட்டர் உங்களுது" என்றார் அழகிரி.

மூன்று நாளாக அவன் பக்கத்தில் உட்கார்ந்து விவரம் ஏற்றிய பொன்னரசி வாயைத் திறந்தாள். "அப்பா, எனக்கு இவரைத்தான் புடிச்சிருக்கு."

"எனக்கும் சம்மதம்" என்றான் அவன்.

"தம்பி பட்டியல்லயே இல்லையே" என்றார் வேலாண்டி.

அவன் தன்னையும் ஏற்றினான். பார்த்தார்கள். ஏழு பொருத்தம்.

"குமாருக்குப் பத்து" என்றார் மாசிலாமணி.

"குமாரே இல்லப்பா."

"இல்லாதவருக்கு எப்படிம்மா பத்து வரும்?"



முகூர்த்த நாள். பந்தல் நிறைய ஜனம். குமாரைக் காணோம். நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. மூவரும் கூடிப் பேசினார்கள். மாசிலாமணி இளம்பரிதியின் தோளைத் தொட்டார்.

"தம்பி, வருத்தம் வெச்சுக்காதீங்க. அவர் வர்ற வரைக்கும் மணவறையில உட்காருங்க. நேரம் தவறக்கூடாது, தாலியையும் நீங்களே கட்டிருங்க. வந்ததும் எழுந்து இடம் விட்டிரணும்."

சரி என்றான்.

இப்போது மாசிலாமணியின் பேத்திக்கு இரண்டு வயது. குமார் வந்து கேட்டால் என்ன சொல்வது என்று மூவரும் இன்னும் முடிவுக்கு வரவில்லை.