ஜோடித் துண்டு

சென்னியப்பனுக்கு வயது அறுபது. அவர் குருவாக வரித்துக்கொண்ட மலையம்மாவுக்கு நாற்பதுகூட நிரம்பவில்லை. ஊர் வாய்விட்டுச் சிரித்தது. சிரித்தால் சிரிக்கட்டும் என்று அவர் வியாழன் தவறாமல் மலையேறினார். மலையம்மாவின் மடத்து வாசலைப் பெருக்குவார், அம்மா சொல்வதை உருகி உருகிக் கேட்பார், அடிவாரம் போனதும் மறந்துவிடுவார். எட்டு வருசமாக இதே கதைதான்.

அன்றைக்கு இரண்டு பேரைக் கூட்டிவந்தார். ஒரு கையில் பேத்தி கயல், நாலு வயது. மறுகையில், பக்கத்துத் தாலுகாவில் வாங்கிய செம்மறிக் கிடாய். கிடாயை வேலமரத்தில் கட்டினார். பேத்தியை மடியில் வைத்தார். அவ்வளவுதான், அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"இவளுக்குப் பொறந்ததுலயிருந்து காது கேக்கலீங்க அம்மா. எந்தச் சாபம்னு சொல்லுங்க. நாளைக்கு என் சின்ன மக பூங்கொடிக்கு நிச்சயம். அதுக்குள்ள பரிகாரம் பண்ணிடறேன்."

"பூங்கொடியை யாருக்குக் கொடுக்கறீங்க?"

"அவ தாய்மாமனுக்குத்தானுங்க. என் சம்சாரத்தோட தம்பி, குழந்தைவேலு. சம்சாரமே எனக்கு மாமன் மகதானுங்க. கயலோட அம்மாவை என் தங்கச்சி மகனுக்குக் கட்டினேன். மூணு தலைமுறையா வெளியில கொடுத்ததுமில்ல, எடுத்ததுமில்ல. சொந்தம் விட்டுப்போகக் கூடாதில்லீங்களா?"

"பூங்கொடி என்ன சொல்றா?"

சென்னியப்பன் கிடாயைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்.

"மூணு நாளா சோறு திங்கலீங்க. குழந்தைவேலு மேல அவளுக்கு உசுரு. ஆனா மாமனா மட்டுந்தாங்கறா. அக்கா அழுததைப் பார்த்திருக்கேன், என்னால முடியாதுப்பாங்கறா."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"காதுக்கு மிஷின் வெச்சா கேக்கும்னாரு. சாபம் தீரட்டும்னு நான்தான் நிறுத்தி வெச்சிருக்கேன்."

"எத்தனை நாளா?"

"ஒரு வருசமா."

மலையம்மாவுக்குக் கோபம் வந்தால் கத்தமாட்டார். குரல் இன்னும் கீழே இறங்கும்.

"திங்கக்கிழமை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறீங்க. போயிட்டு வந்துதான் இந்த மலையில கால் வெக்கணும்."

"சரிங்க அம்மா."

கயல் மடியிலிருந்து நழுவி வேலமரத்துக்கு ஓடினாள். கிடாயின் காதைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். அது பேசாமல் நின்றது.

"கிடாய் எதுக்கு?" என்றார் மலையம்மா.

ஆட்டைப் பற்றிக் கேட்டதும் மனுசனுக்குத் தெம்பு வந்துவிட்டது.

"ஆட்டுப் பட்டிக்குங்க. ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா கிடாயை மாத்தணும். ஒரே கிடாய் கெடந்தா தனக்குப் பொறந்த குட்டி மேலயே விழும். அப்புறம் குட்டியெல்லாம் நோஞ்சானாப் போயிரும். சிலது காலே ஊணாது. பழைய கிடாயைத் தூர ஊருக்குத் தள்ளிட்டு, அங்கயிருந்து ஒண்ணைப் பிடிச்சுட்டு வருவேன். பத்து வயசுலயிருந்து பண்றனுங்க, என் பட்டியில ஒரு குட்டி சோடை போனதில்ல."

மலையம்மா கயலைப் பார்த்தார். சொன்னது சென்னியப்பனுக்கே உறைத்துவிட்டது. முகம் சிவந்தது.

"அம்மா, ஆடும் மனுசனும் ஒண்ணுங்களா? எங்கப்பா அக்கா மகளைத்தான் கட்டினாரு. நான் கல்லாட்டம் இல்லையா?"

"இருக்கீங்க."

"அப்ப கயலுக்கு மட்டும் ஏன்? சாபந்தானே?"

மலையம்மா எழுந்து உள்ளே போனார். போன தீபாவளிக்குச் சென்னியப்பன் மடத்துக்குக் கொடுத்த ஜோடித் துண்டை எடுத்துவந்தார். இரண்டும் ஒன்றாக மடித்தபடி, பிரிக்காமல் இருந்தது. பெட்டிக்குள் எலி புகுந்து விளையாடியிருந்தது. ஒன்றை விரித்தார், இரண்டு ஓட்டை. அடுத்ததை விரித்தார், அதே இடத்தில் இரண்டு ஓட்டை. ஒன்றின்மேல் ஒன்றைப் போட்டுக் கயலுக்கும் தாத்தாவுக்கும் நடுவில் பிடித்தார்.

கயல் ஓட்டையில் கண்ணை வைத்தாள். தாத்தாவின் மூக்கு தெரிந்தது. கெக்கெக்கென்று சிரித்தாள்.

மலையம்மா ஒரு துண்டை எடுத்துவிட்டு, கொடியில் கிடந்த தன் காவித் துணியை மற்றதோடு சேர்த்துப் பிடித்தார். அதுவும் லேசுப்பட்டதில்லை, நாலு இடத்தில் கிழிசல். கயல் இந்த ஓட்டையில் எட்டிப் பார்த்தாள், அந்த ஓட்டையில் எட்டிப் பார்த்தாள். தாத்தாவைக் காணோம். உதட்டைப் பிதுக்கினாள்.

சென்னியப்பன் துணிகளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்க வீட்டுல எல்லாருகிட்டயும் ஓட்டை இருந்திருக்குதுங்களா?"

"யாருகிட்டதான் இல்ல? மேல ஒரு துணி மூடியிருந்தா வெளிய தெரியாது."

"ஒரே மடிப்புல எடுத்தா எப்பவும் நேருக்கு நேரா வந்துருமா?"

"எப்பவும் வராது. உங்க அப்பாவுக்கு வரல. உங்க மகளுக்கு வந்துச்சு."

"வெளியில எடுத்தா ஓட்டையே இருக்காதுங்களா?"

"இருக்கும். பெரும்பாலும் வேற இடத்துல இருக்கும்."

"அப்ப இவ..." அவர் கயலின் தலையைத் தடவினார்.

"இவ உங்க பேத்தி. இவளை யாரும் சபிக்கல."

சென்னியப்பன் மறுபடி அழுதார். இது வேறு அழுகை. ஒரு வருசமாக நெஞ்சில் கிடந்த பாறாங்கல் இறங்கினால் எந்த மனுசனும் அழத்தான் செய்வான். ஆனால் கண்ணைத் துடைத்ததும் பழைய பயம் வந்து உட்கார்ந்துகொண்டது.

"குழந்தைவேலு மொகத்துல எப்படி முழிப்பேன்? பூங்கொடி பொறந்த அன்னிக்கே அவனுக்குன்னு பேசி வெச்சது. இல்லைன்னு சொன்னா சொந்தமே அத்துப்போயிருமே அம்மா!"

"உங்க பக்கம் கல்யாணப் பொண்ணு மணவறைக்கு எப்படி வருவா?"

"தாய்மாமன் தூக்கிட்டு வருவானுங்க. அது அவனோட உரிமை. பேச்சுவார்த்தை இல்லைன்னாலும் அன்னிக்கு வந்து தூக்கிருவான்."

"கயலோட அம்மாவை?"

"குழந்தைவேலுதான். கீழ விடவே மாட்டேன்னு பந்தலை ஒரு சுத்து சுத்தினான்."

"பூங்கொடிக்கு வேற மாமன் இருக்காங்களா?"

"இல்லீங்க. அவன் ஒருத்தன்தான்."

"அவன் மணவறையில மாப்பிள்ளையா உக்காந்திருந்தா?"

சென்னியப்பன் கயலைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"இன்னிக்கே போங்க அண்ணா," என்றார் மலையம்மா. "உனக்குப் பொண்ணு இல்லைன்னு சொல்லப் போக வேண்டாம். பூங்கொடியைத் தூக்கிட்டு வர ஆள் இல்லை, நீ வேணும்னு கேட்டுட்டு வாங்க."